ஹெபடைடிஸ் சி: இரத்தத்தில் எதிர்ப்பு இருந்தும் நோய் தீராதது ஏன்?

"இரத்தத்தில் எதிர்ப்பு இருக்கிறது என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள். எதிர்ப்பு இருந்தால் நல்லதுதானே, ஐயா?"

இந்தக் கேள்வியை எத்தனையோ பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நான் வட சிலாங்கூர்த் தோட்டங்களில் மருத்துவ உதவியாளனாக வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். என்னை 'டிரஸர்' என்றே அழைத்துப் பழகிய பெரியவர்கள் பாகான் நக்கோடா ஓமார் பக்கத்தில் இன்றும் இருக்கிறார்கள். மருத்துவமனையிலிருந்து கடிதம் எதுவும் வந்தால், பெற்ற பிள்ளைகளிடம் காட்டும் முன்பே என்னிடம் எடுத்து வந்துவிடுவார்கள். கோயில் மண்டபத்தில் இரத்த தானம் செய்துவிட்டு, சில வாரங்கள் கழித்து 'ஹெபடைடிஸ் சி ஆன்டிபாடி உள்ளது' என்ற கடிதத்தோடு வந்து நிற்பவர்களும் அவர்களில் உண்டு.

கேள்வி நியாயமானதுதான். சின்னம்மை வந்து போனவரின் உடலில் அதற்கான எதிர்ப்புப் பொருள் தங்கிவிடுகிறது. மறுபடியும் அம்மை வருவது அபூர்வம். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டுக்கொண்ட குழந்தைக்கும் அப்படியே. இந்தப் பழக்கத்தில் ஹெபடைடிஸ் சி கடிதத்தைப் படித்தால் யாருக்கும் மனம் நிம்மதியடையத்தான் செய்யும். ஆனால் இந்த நோயில் ஆன்டிபாடி என்பது, கிருமி ஒரு காலத்தில் உடலுக்குள் வந்தது என்பதற்கான சாட்சி மட்டுமே. வந்த கிருமி போய்விட்டதா, கல்லீரலில் குடியிருக்கிறதா என்று அந்தச் சாட்சிக்குச் சொல்லத் தெரியாது. இது விளங்காததால், எதிர்ப்பு இருக்கிறதே என்று கடிதத்தை மடித்து அலமாரியில் வைத்தவர்களைக் கண்டிருக்கிறேன். நோய் என்றோ தீர்ந்திருந்தும் தம்மை நோயாளி என்றே எண்ணி ஒதுங்கி வாழ்ந்தவர்களையும் கண்டிருக்கிறேன். இவ்வாண்டு மலருக்கு ஒரு மருத்துவக் கட்டுரை வேண்டும் என்று நிர்வாகத்தினர் கேட்டபோது, இதையே எழுதுவது என்று முடிவு செய்தேன்.

முதலில் கிருமியைப் பற்றிச் சிறிது. 1970-களில் இரத்தம் ஏற்றிக்கொண்டவர்களில் சிலருக்குக் கல்லீரல் அழற்சி உண்டாவதை அமெரிக்க மருத்துவர் ஹார்வி ஆல்டரும் அவருடன் பணியாற்றியவர்களும் கண்டனர். அது அப்போது அறியப்பட்டிருந்த ஏ வகையும் அல்ல, பி வகையும் அல்ல. பெயர் வைக்கக்கூட வழியின்றி, 'ஏயும் அல்லாதது, பீயும் அல்லாதது' என்றே பல ஆண்டுகள் அதைக் குறிப்பிட்டு வந்தார்கள். 1989-இல்தான் மைக்கேல் ஹூட்டன் குழுவினர் கிருமியின் மரபுப் பொருளைப் பிடித்தனர். ஆல்டர், ஹூட்டன், சார்ல்ஸ் ரைஸ் ஆகிய மூவருக்கும் 2020-இல் நோபல் பரிசு கிடைத்தது. கண்டுபிடிப்புக்குப் பிறகே இரத்தப் பரிசோதனை வந்தது. நம் நாட்டு இரத்த வங்கிகளில் அது 1990-களில் நடைமுறையானது. அதற்கு முன், லோரி விபத்திலோ பிரசவத்திலோ அறுவை சிகிச்சையிலோ இரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், அந்த இரத்தத்தில் என்ன இருந்தது என்று அறிய வழியே இருக்கவில்லை.

2009-ஆம் ஆண்டுக்கென்று செய்யப்பட்ட ஒரு மதிப்பீட்டின்படி, மலேசியாவில் 15 முதல் 64 வயதுக்கு உட்பட்டோரில் ஏறக்குறைய 453,700 பேருக்கு இத்தொற்று இருந்தது. நூற்றுக்கு இரண்டரை பேர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ஊசிவழிப் போதைப் பழக்கத்தால் வந்தது என்றும் அந்த மதிப்பீடு கூறிற்று. இந்த உண்மையே மற்றவர்களுக்குப் பெரும் சங்கடமாகிவிட்டது. முப்பது ஆண்டுகளுக்கு முன் பிரசவத்தில் இரண்டு பை இரத்தம் ஏற்றிக்கொண்ட ஒரு தாய், மருமகள் என்ன நினைப்பாளோ என்று கடிதத்தை ஒளித்து வைக்கிறார். போதைப் பழக்கத்திலிருந்து மீண்டு வந்த ஒரு பிள்ளையோ, பழையதைக் கிளறுவார்களே என்று கிளினிக் பக்கமே போவதில்லை. இருவர் கல்லீரலையும் அரிப்பது ஒரே கிருமி. அதற்கு ஆள் யார் என்று தெரியாது.

ஒன்றாக உண்பதாலும், ஒரே குவளையில் நீர் அருந்துவதாலும், கட்டித் தழுவுவதாலும், கொசுக் கடியாலும் இது பரவாது. இரத்தம் இரத்தத்தோடு கலந்தால்தான் பரவும். ஆகவே முடி காணிக்கையின்போது ஒவ்வொரு தலைக்கும் புது பிளேடு, காது குத்தும்போது ஒவ்வொரு குழந்தைக்கும் புது ஊசி, அலகு குத்துவோருக்கு முறைப்படி கிருமி நீக்கிய வேல் என்று ஆலய நிர்வாகங்கள் கண்டிப்பாக இருக்க வேண்டும். திருநீறும் எலுமிச்சையும் இந்தக் கிருமியைக் கொல்லா.

உடல் நடத்தும் போர்

கிருமி கல்லீரலுக்குள் புகுந்ததும் தன்னைத் தானே நகல் எடுக்கத் தொடங்குகிறது. நாள்பட்ட நோயாளி ஒருவரின் உடலில் ஒரே நாளில் இலட்சம் கோடி கிருமிகள்வரை உற்பத்தியாவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். இவ்வளவு அவசரமாக நகல் எடுத்தால் பிழை வராமல் இருக்குமா? வருகிறது. அந்தப் பிழைகளே கிருமிக்குப் பாதுகாப்பாகவும் அமைகின்றன. உடல் ஒரு முகத்தைப் பார்த்து ஆன்டிபாடி தயாரித்து முடிப்பதற்குள், கிருமி வேறு முகத்தோடு நிற்கும். பழைய அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஆளைத் தேடும் காவலர் நிலைதான் ஆன்டிபாடியின் நிலை.

உண்மையில் போரை நடத்துபவை 'டி' அணுக்கள் எனப்படும் ஒருவகை வெள்ளையணுக்கள். இவை கிருமி பிடித்த கல்லீரல் அணுக்களைத் தேடி அழிக்கின்றன. இவை வலுவாகவும் பல முனைகளிலும் தாக்கினால், மருந்தே இல்லாமல் ஆறு மாதங்களுக்குள் கிருமி ஒழிந்துவிடும். நூற்றில் 15 முதல் 45 பேர் இப்படித் தாமாகவே குணமடைகிறார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. இவர்களுக்கும் ஆன்டிபாடி சோதனை 'உள்ளது' என்றே காட்டும். நோயாளி என்று எண்ணி ஒதுங்கி வாழ்ந்தவர்கள் என்று மேலே சொன்னேனே, அவர்களில் பலர் இந்த வகையினர்.

எஞ்சியோரிடம் 'டி' அணுக்கள் களைத்துப் போகின்றன. எதிரி ஓயாமல் எதிரே நின்றால் எந்தப் படைதான் களைக்காது? களைத்த அணுவின் மேற்பரப்பில் 'பிடி-1' என்ற புரதம் மிகுதியாக முளைத்திருக்கும். தாக்குதலை நிறுத்து என்று அணுவுக்குச் சொல்லும் தடைக்கட்டை போன்றது அது. இந்தக் களைப்புக்குப் பிறகு நோய் நாள்பட்டதாகி, இருபது முப்பது ஆண்டுகள் ஓசையின்றிக் கல்லீரலைத் தழும்பாக்குகிறது. இருபது ஆண்டுகளில் நூற்றுக்கு 15 முதல் 30 பேருக்கு சிரோசிஸ் எனப்படும் கல்லீரல் சுருக்கம் ஏற்படுகிறது. சம்சு குடிப்பவர்களுக்கு அது இன்னும் விரைவில் வரும். காமாலை தெரியும், வயிறு வலிக்கும் என்று காத்திருப்பவர்கள் ஏமாந்து போவார்கள். கல்லீரல் பரிசோதனையில் ஏஎல்டி அளவு சரியாக இருந்தும் உள்ளே தழும்பு வளர்ந்திருப்பதுண்டு.

ஆகவே ஆன்டிபாடி உள்ளது என்றால் அடுத்துச் செய்ய வேண்டியது ஒன்றே. கிருமியின் மரபுப் பொருளான ஆர்என்ஏ இரத்தத்தில் உள்ளதா என்ற இரண்டாவது சோதனை. அதுதான் இன்றைய நிலையைச் சொல்லும். அறப்பணி அன்பர்கள் பலர் சிறுநீரகச் சுத்திகரிப்பு மையங்களுக்கு நன்கொடை வழங்கி வருவதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கும், எதிர்ப்பு ஆற்றல் குன்றிய பிறருக்கும், கிருமி உடலில் இருந்தும் ஆன்டிபாடி சோதனை 'இல்லை' என்று காட்டிவிடலாம். உடல் ஆன்டிபாடியைப் போதுமான அளவு தயாரிக்காததே காரணம். இவர்களிடத்தில் சந்தேகம் எழுந்தால் ஆர்என்ஏ சோதனையைத்தான் நம்ப வேண்டும்.

இன்டர்ஃபெரான் காலம்

1990-களிலும் அதற்கடுத்த பத்தாண்டிலும் இந்நோய்க்கு இருந்த மருந்து இன்டர்ஃபெரான் ஊசி. பின்னர் அதனுடன் ரிபாவிரின் மாத்திரையும் சேர்ந்தது. இன்டர்ஃபெரான் கிருமியை நேராகத் தாக்கும் நஞ்சன்று. நம் உடலே கிருமி கண்டவுடன் சுரக்கும் பொருள் அது. அண்டை அணுக்களுக்கு 'எச்சரிக்கை' என்று அறிவிப்பது. அதையே ஊசியில் அடைத்து அதிகமாகச் செலுத்தினார்கள். ஆகவே மருந்து பலிப்பதும் பலிக்காததும் நோயாளியின் உடல் அந்த அறிவிப்பைக் கேட்டு எழுந்திருக்கிறதா என்பதைப் பொறுத்திருந்தது.

வாரம் ஓர் ஊசி. கிருமியின் வகைக்கேற்ப 24 வாரமோ 48 வாரமோ. ஊசி போட்ட இரவு காய்ச்சலும் உடல்வலியும். நாளடைவில் இரத்தச் சோகை, முடி உதிர்தல், தூக்கமின்மை, சிலருக்குத் தாங்க முடியாத மனச்சோர்வு. இவ்வளவையும் தாங்கிய பிறகு, முதல் மரபு வகைக் கிருமி உடையவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரே குணமானார்கள். நம் நாட்டில் மிகுதியாகக் காணப்படும் மூன்றாம் வகையில் நிலைமை சற்று மேல். ஆனாலும் பலருக்குத் தோல்விதான்.

யாருக்குப் பலிக்கும், யாருக்குப் பலிக்காது என்பதை முன்கூட்டியே அறிய முடியுமா என்று ஆராய்ச்சியாளர்கள் இரத்தத்தில் அடையாளங்களைத் தேடியது இந்தக் காலத்தில்தான். இரண்டு அடையாளங்கள் முக்கியமானவை. ஒன்று 'ஐபி-10' என்ற புரதம். சிகிச்சைக்கு முன் இது இரத்தத்தில் குறைவாக இருந்தவர்களுக்கு மருந்து நன்றாகப் பலித்தது, மிகுந்திருந்தவர்களுக்குப் பலிக்கவில்லை. கேட்டால் விந்தையாக இருக்கும். ஐபி-10 மிகுந்திருக்கிறது என்றால் உடலின் எச்சரிக்கை ஏற்கெனவே முழங்கிக்கொண்டிருக்கிறது என்றல்லவா பொருள்? அதனால்தான் பலிக்கவில்லை. தோட்டத்தில் விடிகாலைப் பெரட்டு மணி ஒருமுறை அடித்தால் லயத்தில் எல்லோரும் எழுந்துவிடுவார்கள். அதே மணி இரவும் பகலும் ஓயாமல் அடித்துக்கொண்டே இருந்தால் யார் எழுவார்கள்? அந்தக் கல்லீரலில் மணி பல ஆண்டுகளாக அடித்துக்கொண்டே இருந்தது. ஊசி வழியாக இன்னொரு மணியைச் சேர்த்து அடித்தும் பயனில்லாமல் போயிற்று.

இரண்டாவது அடையாளம் பிறவியிலேயே வருவது. 'ஐஎல்28பி' என்ற மரபணுவை அடுத்துள்ள ஒரே ஓர் எழுத்து வேறுபாடு, முதல் வகைக் கிருமி உடையவர்களில் மருந்து பலிக்கும் வாய்ப்பை ஏறக்குறைய இருமடங்கு கூட்டியோ குறைத்தோ வைக்கிறது என்பதை 2009-இல் பல நாட்டு ஆய்வுக் குழுக்கள் கண்டுபிடித்தன. தாமாகவே குணமானவர்களிடத்திலும் அந்தச் சாதகமான எழுத்தே மிகுந்திருந்தது. அறிவியலுக்கு இது பெரிய செய்தி. ஆனால் நோயாளிக்கு அதனால் என்ன ஆறுதல்? உங்கள் உடலமைப்பு இந்த மருந்துக்கு ஒத்துவரவில்லை என்ற பதிலோடு வீடு திரும்பியவர்கள் ஏராளம்.

அவர்களில் ஒருவரை நான் நன்கறிவேன். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். 1980-களின் கடைசியில் விபத்தில் சிக்கி இரத்தம் ஏற்றிக்கொண்டார். பதினைந்து ஆண்டுகள் கழித்து நோய் தெரியவந்தது. நூறு கிலோமீட்டருக்குக் குறையாத தூரம் பேருந்து மாறி மாறிப் போய், 24 வாரமும் ஊசி போட்டுக்கொண்டார். ஊசி நடந்த காலத்தில் கிருமி மறைந்தது. நிறுத்திய சில மாதங்களில் திரும்பி வந்துவிட்டது. "இனி செய்வதற்கு ஒன்றுமில்லை" என்று அன்று அவருக்குச் சொல்லப்பட்டது. அன்றைய நிலையில் அது பொய்யில்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை அவர் ஆயுளுக்கும் உரியதாக எடுத்துக்கொண்டார். பிறகு தோட்டம் கைமாறி, லயத்தைக் காலி செய்து, குடும்பம் தாமான் வீட்டுக்குக் குடிபெயர்ந்தது. மருத்துவமனைப் பதிவேட்டில் பழைய தோட்டத்து முகவரியே இருந்திருக்க வேண்டும். அழைப்பு ஏதும் வரவில்லை.

கிருமியையே தாக்கும் மாத்திரை

இதற்கிடையில் மருந்தின் வழியே மாறிவிட்டது. புதிய மாத்திரைகள் உடலின் எதிர்ப்பை எழுப்ப முயல்வதில்லை. கிருமி நகல் எடுக்கும் கருவியையே முடக்குகின்றன. சோஃபோஸ்புவிர் என்ற மருந்து, கிருமியின் மரபுச் சங்கிலியில் போலிக் கண்ணியாகப் போய்ச் சேர்ந்துகொள்கிறது. அதற்கு மேல் சங்கிலி நீளாது. டக்லடாஸ்விர், ரவிடாஸ்விர் போன்றவை கிருமிக்குத் தேவையான இன்னொரு புரதத்தைச் செயலிழக்கச் செய்கின்றன. இரண்டையும் சேர்த்து 12 வாரம் உட்கொண்டால் போதும்; சிரோசிஸ் ஏற்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் 24 வாரம். ஊசி இல்லை. பக்க விளைவும் மிகக் குறைவு. ஐபி-10 கூடியிருந்தாலும், ஐஎல்28பி பாதகமாக இருந்தாலும், முன்பு இன்டர்ஃபெரான் பலிக்காமல் போயிருந்தாலும், பெரும்பாலோருக்கு இது பலிக்கிறது. ஒரு தலைமுறை ஆராய்ச்சியாளர்கள் பாடுபட்டுத் தேடிய அடையாளங்கள், சிகிச்சைக்கு ஆளைத் தேர்ந்தெடுக்க இன்று தேவைப்படுவதே இல்லை.

குறுக்கே நின்றது விலைதான். சோஃபோஸ்புவிர் 2013 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது 12 வாரத்துக்கான மருந்தின் விலை 84,000 டாலர். ஒரு மாத்திரை ஆயிரம் டாலர்! கோயில் கட்டும் நிதியெல்லாம் கொட்டினாலும் எத்தனை பேருக்கு வாங்கிக் கொடுக்க முடியும்? இந்த இடத்தில் மலேசியா செய்த காரியத்தை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம். 1983-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தில் அரசாங்கத்துக்கு உள்ள உரிமையைப் பயன்படுத்தி, காப்புரிமை நிறுவனத்தின் மருந்துக்குப் பதில் மலிவான மாற்று மருந்தை அரசாங்க மருத்துவமனைகளுக்கு வரவழைக்க 2017-இல் முடிவு செய்யப்பட்டது. அப்போது சுகாதார அமைச்சராக இருந்தவர் டாக்டர் எஸ். சுப்பிரமணியம். 2018-இல் அரசாங்க மருத்துவமனைகளில் இலவசச் சிகிச்சை தொடங்கியது. 12 வார மருந்தின் விலை ஏறக்குறைய 300 டாலருக்கு இறங்கிற்று.

அதே ஆண்டு ஏப்ரலில் இன்னொரு நற்செய்தி. மலேசியாவிலும் தாய்லாந்திலும் 301 நோயாளிகளுக்கு ரவிடாஸ்விரும் சோஃபோஸ்புவிரும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வில், நூற்றுக்கு 97 பேரிடம் மருந்து முடிந்து 12 வாரம் கழித்தும் கிருமி இல்லை. அடங்காதது என்று பெயர் பெற்ற மூன்றாம் வகைக் கிருமியிலும் அதே வெற்றி. நம் சுகாதார அமைச்சும், புறக்கணிக்கப்பட்ட நோய்களுக்கு மருந்து தேடும் டிஎன்டிஐ என்ற இலாப நோக்கற்ற அமைப்பும், எகிப்து நாட்டு மருந்து நிறுவனம் ஒன்றும் கூடி நடத்திய ஆய்வு இது. 2021 ஜூனில் ரவிடாஸ்விர் மலேசியாவில் நிபந்தனை அனுமதி பெற்றது.

மேலே குறிப்பிட்ட லோரி ஓட்டுநரிடம் இவற்றையெல்லாம் சொல்லி, மறுபடியும் மருத்துவமனைக்கு அனுப்ப எனக்கு ஏழெட்டு மாதம் பிடித்தது. "ஒருமுறை பட்டது போதும்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் 2019-இல் போனார். கல்லீரல் சுருங்கத் தொடங்கியிருந்ததால் 24 வாரம் மாத்திரை கொடுத்தார்கள். முடித்து மூன்று மாதம் கழித்து எடுத்த சோதனையில் கிருமி இல்லை. அவரைப் போல 'ஒன்றுமில்லை' என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் நம் தாமான்களில் இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்களோ! உங்கள் வீட்டிலோ உறவிலோ ஒருவர் இருப்பார் என்பதே நான் இதை எழுதக் காரணம்.

கீழாநெல்லி குடித்து வருகிறோமே, போதாதா என்று கேட்பவர்களுக்கும் ஒரு சொல். 1988-இல் சென்னை ஆய்வாளர்கள் கீழாநெல்லியைப் பற்றி வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு ஹெபடைடிஸ் பி பற்றியது. அதன் முடிவைப் பின்னர் வந்த ஆய்வுகள் உறுதி செய்யவில்லை. ஹெபடைடிஸ் சி கிருமியைக் கீழாநெல்லி ஒழிக்கும் என்பதற்குச் சான்று கிடையாது. நம் பாட்டிமார் வைத்தியத்தை நான் குறைத்துப் பேசவில்லை. மாத்திரைக்குப் பதிலாக அதை வைத்துக்கொள்ள வேண்டாம் என்கிறேன்.

குணமான பிறகு உடலின் எதிர்ப்பு என்னவாகிறது? ஐபி-10 சிகிச்சை தொடங்கிய சில நாட்களிலேயே இறங்கிவிடுகிறது. மணி ஓய்ந்துவிட்டது என்று பொருள். களைத்த 'டி' அணுக்கள் ஓரளவு தேறுகின்றன. ஆனால் நெடுங்காலப் போரின் வடு அவற்றில் எஞ்சியே இருக்கிறது. ஆன்டிபாடியோ பல ஆண்டுகள் இரத்தத்தில் தங்கும். ஆகவே குணமானவர் மறுபடியும் ஆன்டிபாடி சோதனை செய்து, 'இன்னும் இருக்கிறதே' என்று கலங்க வேண்டியதில்லை. ஆர்என்ஏ இல்லை என்பதே தீர்ப்பு. அந்த ஆன்டிபாடி காப்பும் அன்று. பழைய வழியில் மறுபடியும் கிருமி நுழைந்தால் மறுபடியும் நோய் வரும். இரத்த தானமும் இனிச் செய்ய இயலாது. கொடுக்க மனமிருந்தும் முடியவில்லையே என்று வருந்துபவர்கள், முகாமுக்குத் தொண்டூழியராக வரலாமே!

சோதனைக்கு முதலில் அருகிலுள்ள அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்கே போகலாம். விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்க்கும் விரைவுச் சோதனையைக் கிளினிக்குகளுக்கும் கொண்டுவந்திருக்கிறார்கள். பழைய கடிதம் மஞ்சளேறிக் கிழிந்திருந்தாலும் எடுத்துச் செல்லுங்கள். எந்த ஆண்டில் இரத்தம் ஏற்றினார்கள், முன்பு ஊசி போட்டதுண்டா, இப்போது என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதையெல்லாம் ஒளிக்காமல் சொல்லுங்கள். இருதயத் துடிப்புக்கு அமியோடரோன் சாப்பிடுபவர்கள் அதை அவசியம் சொல்ல வேண்டும். சோஃபோஸ்புவிருடன் அது சேரக்கூடாது. சிகிச்சைக்கு முன் ஹெபடைடிஸ் பி சோதனையும் எடுப்பார்கள். ஏன் இது என்று சலித்துக்கொள்ளாதீர்கள். இரண்டு கிருமியும் உள்ள உடலில் சி அடங்கியதும் பி தலைதூக்குவதுண்டு. 2016-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இது குறித்து எச்சரிக்கை விடுத்தது. வயது, கல்லீரல் நொதிகள், இரத்தத் தட்டணுக்கள் ஆகியவற்றைக் கொண்டு ஒரு சிறு கணக்குப் போட்டே கல்லீரல் எவ்வளவு தழும்பேறியிருக்கிறது என்று மருத்துவர் மதிப்பிட்டுவிடுவார். முன்போல ஊசி குத்திக் கல்லீரல் சதை எடுக்க வேண்டிய தேவை பெரும்பாலோருக்கு இல்லை.

கல்லீரல் சுருங்கிய பிறகு குணமானவர்களுக்கு மட்டும் ஒரு கடமை மீதமிருக்கிறது. கிருமி போனாலும் கல்லீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு முற்றாகப் போவதில்லை. ஆகவே ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவர்கள் வயிற்று ஸ்கேன் எடுத்துக்கொள்ள வேண்டும். நம் லோரி ஓட்டுநர் தைப்பூசத்துக்கு அடுத்த வாரம் ஒன்றும், ஆடி மாதத்தில் ஒன்றுமாகத் தேதி வாங்கி வைத்திருக்கிறார்; இதுவரை ஒன்றையும் தவறவிட்டதில்லை.